தவறினார்கள், ஆனாலும் விசுவாசிகள்: வேதாகம மாந்தர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடம் எடுக்கிற எவரும் இந்தக் கேள்விகளில் ஒருநாள் மாட்டிக்கொள்வார்கள். ஆபிரகாமின் விசுவாசத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு கை உயரும்: “மனைவியைச் சகோதரி என்று சொன்னவன்தானே?” அந்தக் கைக்குச் சொல்ல முயன்ற பதில்கள் இவை. மேற்கோள்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை ஒட்டியவை. அதில் ராஜாவும் ‘அவன்’, மேய்ப்பனும் ‘அவன்’. நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவர்களுடைய தவறுகளை வேதாகமம் ஏன் மூடி மறைக்கவில்லை?

எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் ஏறத்தாழ கி.மு. 1274இல் ஒரோந்தஸ் ஆற்றங்கரையிலிருந்த காதேசில் ஏத்தியரோடு போரிட்டான். யாருக்கும் தெளிவான வெற்றி இல்லாமல் அந்தப் போர் முடிந்தது. ஆனால் கோயில் சுவர்களில் அவன் செதுக்கிவைத்ததோ, தான் ஒற்றை ஆளாக நின்று பகைவரைச் சிதறடித்த கதை. அக்காலத்து அரசர்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். இஸ்ரவேலின் மிகப் பெரிய ராஜாவான தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அந்த வீரனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான் என்று அந்த ராஜாவின் சொந்த மக்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மறைக்கும் ஆசை யாருக்கும் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. நாளாகமப் புத்தகம் இதே காலத்தைச் சொல்லும்போது, தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்று ஒரு வரி எழுதிவிட்டு, பத்சேபாளின் சம்பவத்தைத் தாண்டி, ரப்பா நகரம் பிடிபட்டதற்கு நேராகப் போய்விடுகிறது. பிற்காலத்தில் யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு ரபி, தாவீது பாவம் செய்தான் என்று சொல்கிறவன் தவறுகிறான் என்றே வாதிட்டார். ஆனால் தொகுத்தவர்கள் நாளாகமத்தோடு சாமுவேலையும் வைத்துக்கொண்டார்கள். அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தாவீதை எப்படி ‘தேவனுடைய இருதயத்துக்கு ஏற்றவன்’ என்று சொல்லலாம்?

அந்தச் சொல் முதலில் வருவது 1 சாமுவேல் 13இல், தாவீது இன்னும் கதைக்குள் வராதபோது. அவனுடைய வாழ்க்கை முழுவதற்கும் கொடுத்த நற்சான்றிதழாக அதை வாசிப்பதால்தான் குழப்பம் வருகிறது. பின்னால் 1 ராஜாக்கள் 15:5 தாவீதைப் புகழும்போது, “ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்றுதவிர” என்று ஒரு விலக்குச் சேர்க்கிறது. இறந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் அந்த ஒன்று கணக்கிலிருந்து அழியவில்லை.

உரியாவின் பெயர் இந்தப் புத்தகத்தை விட்டுப் போகவே இல்லை. 2 சாமுவேல் 23இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் இருக்கிறது, முப்பத்தேழு பேர். கடைசிப் பெயர் உரியா. மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் பத்சேபாளின் பெயர் இல்லை. ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’ என்றே இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் பெயர்களின் வரிசை என்று நாம் வேகமாகத் தாண்டிப்போகும் அந்தப் பக்கத்தில் கொல்லப்பட்ட ஒரு போர்வீரன் நின்றுகொண்டிருக்கிறான்.

சவுலின் தவறு அதைவிடச் சிறியதுதானே? அவன் ஏன் தள்ளப்பட்டான்?

நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்தால், தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுல், முழுவதும் அழிக்கச் சொல்லியும் அமலேக்கியரின் ஆடுமாடுகளைத் தப்பவைத்தது கொலையைவிடப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இருவரும் கண்டிக்கப்பட்ட இடங்களை அடுத்தடுத்து வாசியுங்கள்.

தீர்க்கதரிசி சாமுவேல் வருவதற்குள் சவுல் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டிருக்கிறான். கர்த்தர் சொன்னதை நிறைவேற்றினேன் என்கிறான். அப்படியானால் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறான். ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள் என்று பதில் வருகிறது, அதுவும் பலியிடுவதற்காக. கடைசியில் ‘பாவஞ்செய்தேன்’ என்ற சொல்லும் வருகிறது. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்ற வேண்டுகோளும் வருகிறது.

தீர்க்கதரிசி நாத்தான் தாவீதிடம் வந்தபோது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்கிறான். தாவீது கொதித்துப்போகிறான். “நீயே அந்த மனுஷன்” என்கிறான் நாத்தான். தாவீதின் பதில் எபிரெயத்தில் இரண்டே சொற்கள்: கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன். ‘ஆனால்’ இல்லை, பழி போட இன்னொருவர் இல்லை. சொன்னவனைச் சிறையில் தள்ளவும் இல்லை. பத்சேபாளுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு நாத்தான் என்று பெயர் என்பதை 1 நாளாகமம் 3இல் பார்க்கலாம். தீர்க்கதரிசியின் நினைவாக வைத்த பெயரா என்று அங்கே எழுதியில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பத்சேபாளுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

வசனத்தில் இல்லாததைப் பிரசங்கங்கள் சேர்த்துவிட்டன. மாடியில் உலாவிக்கொண்டிருந்தவன் தாவீது. அவள் மாடியில் குளித்தாள் என்று எங்கும் எழுதியில்லை. அவன் மாடியிலிருந்து பார்த்தான் என்றுதான் இருக்கிறது. ஆளனுப்பி அழைத்துவரச் செய்தவன் ராஜா. அவளுடைய கணவன் போர்முனையில். ராஜாவின் ஆட்கள் வாசலில் நிற்கும்போது ஒரு போர்வீரனின் மனைவிக்கு என்ன தெரிவு இருந்திருக்கும்? நாத்தானின் உவமையில் ஆட்டுக்குட்டியின் மேல் எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. அதிகாரம் முடியும் வரியும் ‘தாவீது செய்த இந்தக் காரியம்’ என்றுதான் சொல்கிறது.

மன்னிக்கப்பட்டால் விளைவுகளும் நீங்கிவிடுமா?

தாவீதின் கதையில் நீங்கவில்லை. ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று அவனே தீர்ப்புச் சொல்லியிருந்தான். பிறகு அவன் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். குழந்தை ஏழாம் நாளில் இறக்கிறது. மூத்த மகன் அம்னோன், தாமார் என்னும் தன் சகோதரியைக் கெடுக்கிறான். தாவீதுக்குக் கடுங்கோபம் வருகிறது என்று வசனம் சொல்கிறது. அதற்குமேல் அவன் எதுவும் செய்ததாக இல்லை. அந்த மௌனம்தான் இந்தக் கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. மகனிடம் எந்த வாயால் பேசுவான்? தாமாரின் உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து அம்னோனைக் கொல்கிறான். பிறகு தகப்பனுக்கு எதிராகவே எழும்பி, அதே அரண்மனை மாடியில் கூடாரம் போட்டுத் தகப்பனின் மறுமனையாட்டிகளை அவமானப்படுத்துகிறான். தாவீது நின்று பார்த்த அந்த மாடி.

தாவீதின் படைத்தலைவன் யோவாபையும் மறக்கக்கூடாது. உரியாவைப் பற்றிய கடிதத்தைப் படித்தவன் அவன். பின்னாளில் அப்சலோமைக் கொல்லவேண்டாம் என்ற ராஜாவின் கட்டளையை மீறிக் கொல்கிறான். தாவீதால் அவனைத் தண்டிக்க முடியவில்லை. ராஜாவின் ரகசியம் தெரிந்தவனை ராஜாவால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சங்கீதம் 51இல் ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்’ என்கிறானே? உரியா எங்கே போனான்?

எல்லாப் பாவமும் முடிவில் தேவனுக்கு எதிரானதே என்பது வழக்கமான விளக்கம். ராஜாவை விசாரிக்க வேறு நீதிபதி இல்லாததால் அப்படிச் சொன்னான் என்றும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இருந்தாலும், காயப்பட்டவரிடம் போகாமல் ஜெபத்திலேயே கணக்கை முடித்துக்கொள்ள இந்த வரியைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மத்தேயு 5ஐ எடுத்துக் காட்டலாம்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு.

யாக்கோபு தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கினான். ஏமாற்றுகிறவனுக்குப் பரிசா?

ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் அப்படித்தான் தோன்றும். ஒரு வெள்ளாட்டுக்குட்டியின் பின்னால் போய்ப் பாருங்கள், கதை வேறுவிதமாகத் தெரியும்.

யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கைகளிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு, அண்ணனின் உடையை உடுத்தி, கண் தெரியாத தகப்பனை ஏமாற்றுகிறான். பிறகு தாய்மாமன் லாபானிடம் போகிறான். இருட்டில் ராகேலுக்குப் பதிலாக லேயாளைக் கொடுத்து ஏமாற்றியபோது லாபான் சொன்ன காரணம், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்பது. மூத்தவனின் இடத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவந்த இளையவனுக்கு இதைவிடக் கூர்மையான பதில் இருக்க முடியாது. இருபது ஆண்டுகள் அங்கே உழைக்கிறான். பின்னர் அவனுடைய பிள்ளைகள் யோசேப்பை விற்றுவிட்டு, அங்கியை வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, உம்முடைய குமாரனின் அங்கியோ அல்லவோ, பாரும் என்கிறார்கள். அன்று மகன் ஏமாற்றியதும் ஆடையாலும் ஆட்டாலும்தான்.

யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. அடுத்த அதிகாரம் அவனைப் பற்றியது. விதவையான மருமகள் தாமாருக்குச் செய்யவேண்டியதை அவன் செய்யவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு வழியில் உட்காருகிறாள். வேசி என்று நினைத்து யூதா போகிறான். கூலியாகப் பேசியது ஒரு வெள்ளாட்டுக்குட்டி. மீண்டும் அதே ஆடு! ஈடாக முத்திரை மோதிரத்தையும் கோலையும் கொடுக்கிறான். அவள் கர்ப்பவதி என்று தெரிந்ததும் சுட்டெரிக்கச் சொல்கிறான். அவள் அந்தப் பொருள்களை அனுப்பி, இவை யாருடையவை, பாரும் என்கிறாள். எபிரெயத்தில், அங்கியைக் காட்டித் தகப்பனிடம் கேட்ட அதே சொல். யூதாவின் பதில்: “என்னிலும் அவள் நீதியுள்ளவள்.”

அங்கே ஒருவன் திரும்புகிறான். ஆதியாகமம் 44இல், பென்யமீனை அடிமையாகப் பிடித்துவைக்கப்போகிறார்கள் என்றபோது, அவனுக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று முன்வருகிறவன் இதே யூதா. ஒரு தம்பியை விற்றவன் இன்னொரு தம்பிக்காகத் தன்னைக் கொடுக்கிறான். மனந்திரும்புதல் எப்படியிருக்கும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தப் பேச்சைத்தான். அதில் ஒரு துளி நாடகமும் இல்லை; தகப்பன் தாங்கமாட்டான் என்ற கவலை மட்டும் இருக்கிறது.

ஆபிரகாமின் பொய்யையும் ஆகார் விஷயத்தையும் எப்படி எடுத்துக்கொள்வது?

பொய்யை அவன் இரண்டு முறை சொல்கிறான், எகிப்தில் ஒருமுறை, கேராரில் ஒருமுறை. உயிருக்குப் பயந்து மனைவியை ஆபத்தில் தள்ளிய பொய். சாராள் அவனுக்குத் தகப்பன் வழியில் சகோதரிதான் என்பதால் பாதி உண்மை என்பார்கள்; தகப்பன் ஒருவர், தாய் வேறு என்று அவனே சொல்கிறான். பாதி உண்மையை முழுப் பொய்யாகப் பயன்படுத்த அவனுக்குத் தெரிந்திருந்தது. மகன் ஈசாக்கும் அதே கேராரில் அதே பொய்யைச் சொல்கிறான்.

ஆகாரின் கதை அதைவிடக் கனமானது. வாக்குத்தத்தம் தாமதித்தபோது விசுவாசிகளின் வீட்டார் ஒரு அடிமைப்பெண்ணை வழியாகப் பயன்படுத்தினார்கள். பிறகு அவள் வனாந்தரத்துக்கு ஓடிப்போகும்படி கடினமாக நடத்தினார்கள். தேவன் அங்கே போய் அவளிடம் பேசுகிறார். “நீர் என்னைக் காண்கிற தேவன்” என்று தேவனுக்கே பெயரிட்டவள் அவள்.

எலியா சாக விரும்பினான். அது அவிசுவாசம் இல்லையா?

இல்லை என்றுதான் நான் சொல்வேன். கர்மேலில் 450 பாகால் தீர்க்கதரிசிகளுக்கு எதிராகத் தனியாக நின்றவன், ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பிறகு சூரைச்செடியின்கீழ் படுத்துப் போதும் என்கிறான். தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டு மறுபடி தூங்க விடுகிறான். மறுபடி உணவு கொடுக்கிறான். சோர்ந்தவரிடம் விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துடிக்கிறவர்கள் அந்தத் தூதனிடம் கற்றுக்கொள்ளலாம். உங்களுக்கோ உங்களுக்கு அருகில் இருப்பவருக்கோ இப்படி வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் நாடுங்கள். தனியாக இருக்கவேண்டாம்.

எபிரெயர் 11இல் சிம்சோனும் யெப்தாவும் எப்படி இடம்பெற்றார்கள்?

எனக்கும் இது எளிதான கேள்வியாக இல்லை. கிதியோன், பாராக், சிம்சோன், யெப்தா என்று பெயர்களை அடுக்கிவிட்டு, விவரஞ்சொல்லக் காலம் போதாது என்று எழுதியவர் நகர்ந்துவிடுகிறார். காலம் இருந்திருந்தால் சங்கடப்பட்டிருப்பார்.

கிதியோன் 300 பேரைக் கொண்டு வென்றான். ராஜாவாக இருக்கமாட்டேன் என்று அழகாகச் சொன்னான். பிறகு கொள்ளையில் வந்த 1,700 சேக்கல் பொன்னில் ஒரு ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணியும் மேலாடை போன்ற ஒன்றை, செய்துவைத்தான். அது இஸ்ரவேலுக்கே கண்ணியானது. மகன் ஒருவனுக்கு அபிமெலேக்கு என்று பெயரிட்டான். ‘என் தகப்பன் ராஜா’ என்று அதற்குப் பொருள். பதவி வேண்டாம் என்று சொன்னவனின் வீட்டில் அந்தப் பெயர்! சிம்சோனின் கடைசி ஜெபம் இரண்டு கண்களுக்காகப் பழிவாங்குவதற்கானது. எபிரெயர் அவர்களைப் பரிசுத்தர் என்று சொல்லவில்லை. பலவீனத்தில் பலன்கொண்டார்கள் என்கிறது. ஆகவே அந்தப் பட்டியலை அவர்களுடைய நடத்தைக்கான சான்றிதழாக வாசிக்கமாட்டேன்.

யெப்தாவை மட்டும் என்னால் அப்படித் தாண்டமுடிவதில்லை. வெற்றி கிடைத்தால் வீட்டுவாசலில் முதலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்டான், மகள் வந்தாள். பொருத்தனைகளை மீட்கும் வழி லேவியராகமம் 27இல் இருக்கிறது. யூத மரபுரை ஒன்று சொல்கிறது: பொருத்தனையை நீக்க வல்ல ஆசாரியன் பினெகாஸ், அவன் என்னிடம் வரட்டும் என்றிருந்தான், யெப்தாவோ, தலைவனான நான் அவனிடம் போவதா என்றிருந்தான், இருவருக்கும் நடுவில் பெண் செத்தாள். இரண்டு பெரியவர்களின் கௌரவத்துக்கு நடுவில் அகப்பட்ட பிள்ளைகளை நாம் பார்க்காததா?

மோசேக்குக் கொடுத்த தண்டனை அதிகம் இல்லையா?

தண்ணீருக்காகக் கன்மலையோடு பேசு என்று தேவன் சொன்னபோது மோசே அதை இரண்டு தரம் அடித்தான். ‘கலகக்காரரே’ என்று ஜனங்களைத் திட்டினான். தண்ணீரை நாங்கள் வரவழைப்போமோ என்றான். அதற்காகக் கானானுக்குள் போக முடியவில்லை. கடுமைதான். அவனும் மறுபடி கேட்டுப்பார்த்தான். போதும், இனி இதைக்குறித்துப் பேசவேண்டாம் என்ற பதில் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவன் தவறாக அடித்தபோதும் தண்ணீர் வந்தது, ஜனங்களும் மிருகங்களும் குடித்தார்கள். ஊழியத்தில் பலன் தெரிவதால் ஊழியக்காரன் சரியாக இருக்கிறான் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்கவேண்டும்.

பேதுருவுக்கும் யூதாசுக்கும் என்ன வேறுபாடு?

இதுவரை நான் சொன்னது, தவறைச் சுட்டிக்காட்டியபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம் என்று. யூதாசிடம் வரும்போது அந்தச் சூத்திரம் தடுமாறுகிறது. குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்று அவனும் தெளிவாகச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். அவன் போய்ச் சொன்ன இடம்தான் தவறு. எங்களுக்கென்ன, அது உன்பாடு என்றார்கள் பிரதான ஆசாரியர்கள். பாவத்தை ஏற்றுக்கொள்ளவே நியமிக்கப்பட்டவர்கள் சொன்ன பதில் அது.

பேதுரு, இயேசுவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்து அழுதபின், மற்றச் சீஷர்களோடு இருந்தான். அவர்களோடுதான் மீன்பிடிக்கவும் போனான். யோவான் ஒரு சிறு விவரம் தருகிறார்: பேதுரு மறுதலித்தது கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பருகே. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. ஏன் செய்தாய் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

அதோடு பேதுரு முழுவதும் மாறிவிட்டானா? இல்லை. கலாத்தியர் 2இல், அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறான். மனிதருக்குப் பயப்படும் அதே பழைய பேதுரு. பவுல் முகத்துக்கு நேரே எதிர்க்க வேண்டியிருந்தது.

‘தாவீதே விழவில்லையா?’ என்று சொல்லித் தவறிய தலைவர்களைக் காப்பாற்றுகிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். தாவீதின் பெயரை இழுக்கிறவர்கள் முழுக் கதையையும் இழுத்துவரட்டும். நாத்தான் வந்தான்; உரியாவின் பெயரைச் சொல்லிக் கேட்டான். நடந்தது எழுதப்பட்டு, தலைமுறைதோறும் சபையில் வாசிக்கப்படுகிறது. யாரும் உரியாவின் வீட்டாரிடம் போய், அபிஷேகம்பண்ணப்பட்டவருக்கு எதிராகப் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. குற்றம் நடந்திருந்தால் அதை விசாரிக்கச் சட்டம் இருக்கிறது. மன்னிப்பைக் காட்டி அந்த வழியை அடைப்பது நாத்தானின் வேலை இல்லை, யோவாபின் வேலை.

மன்னிக்கப்பட்டவர் பழைய நாற்காலியில் உட்காரத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் வேதத்தில் இல்லை. மோசே நேபோ மலையில் நின்று தூரத்திலிருந்து தேசத்தைப் பார்த்தான். அதனால் தேவனுக்கு அவன் அந்நியனாகிவிடவில்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லலாமா?

வயதுக்குத் தகுந்தபடி சொல்லலாம். சிம்சோனைப் பலசாலி வீரனாக மட்டும், யோனாவை மீனோடு மட்டும் காட்டி வளர்த்தால், பதினைந்து வயதில் அவர்களே வாசித்துவிட்டு ஏமாந்ததாக உணர்வார்கள். யோனாவின் உண்மையான குறை கப்பலேறியதில் இல்லை. எதிரிகள் மன்னிக்கப்பட்டதற்காக அவனுக்கு வந்த கோபத்தில் இருக்கிறது. இதைச் சிறுவர்கள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

யோனாவிலிருந்து தொடங்கலாம், மொத்தம் 48 வசனங்கள்தான். பிறகு ஆதியாகமம் 37 முதல் 45 வரை யூதாவை மட்டும் கவனித்துக்கொண்டு வாசியுங்கள். அதன்பின் 2 சாமுவேல் 11 முதல் 20 வரை, முடிந்தால் ஒரே அமர்வில். தாமார் பேசும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பதில் சொல்ல அந்த அரண்மனையில் யாரும் இருக்கவில்லை.